காகிதம் நழுவும் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மாவின் வாயில் வலது பக்கமும் நலம், இடது பக்கம் நலமில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இப்போதே நன்றாக இருந்துகொள், இதைப் படித்து முடிக்கும்போது அப்படி இருக்க மாட்டாய். போனில் சொன்னால் ஆகாதா, இந்த மனுஷனுக்கு எதற்குப் பேனாவும் காகிதமும் என்று நினைப்பாய். நான் போனைத் தொட்டாலே உன் அம்மா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அதனால் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜன்னல் அளவு குறிக்கும் தாளின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், என் கையில் நேராக வருவது மரம் ஒன்றுதான், அதுவும் எல்லா நாளும் இல்லை. ரொம்பக் கோபமாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் யார் மேல் என்பது ஒவ்வொன்றாக வரும், அதில் நீயும் உண்டு, நானும் உண்டு.

அம்மாவுக்குப் பல் கம்பி கழற்றி மூன்று மாதம் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயதில் கம்பி போடச் சொல்லி விடாப்பிடியாக நின்றது நீதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருந்துக்கடைக் கவுண்டரில் இருபது வருஷமாக வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தவள், கழற்றிய அன்று வாசலில் வந்து நின்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரித்தாள். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். சட்டைப்பையில் இருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவள் முன்பல் வரிசையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். துளி கோணல் இல்லை. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, பாஸ் என்று சர்டிபிகேட் கொடுத்தேன். அந்த ஸ்கேலத் தொடச்சீங்களா என்று கேட்டாள். துடைக்கவில்லை. அதோடு விட்டேனா, எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். அவரும் டேப்பை எடுக்காத குறையாகப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார். நீ ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, அம்மா சிரி, இன்னும் கொஞ்சம் சிரி, சூப்பர்மா என்று சொல்லி, பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் ஒட்டி உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாய். பெரியம்மா, அத்தை, மாமா, யார் யாரோ கைதட்டும் பொம்மையைப் போட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து முன்னால் தெரியும் எட்டுப் பல்லைப் பார்த்துத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டோம்.

எனக்கு விஷயம் பிடிபட்டது வேர்க்கடலை டப்பாவால். அந்த டப்பா இந்த வீட்டில் பத்து நாளைக்கு மேல் நிறைந்து இருந்ததே இல்லை, உனக்கும் தெரியும். போன வாரம் தேடினால் அப்படியே நிரம்பி, கொஞ்சம் சிக்கு வாடை கூட வந்திருந்தது. என்னம்மா இது என்றால், இப்பல்லாம் புடிக்கல என்றாள். கடலை பிடிக்காமல் போவதற்கு இவள் வேறு ஆளாக மாற வேண்டும். அன்று சாப்பிடும்போதுதான் சரியாகக் கவனித்தேன். ரொட்டியைப் பாலில் ஊறப்போடுகிறாள், ஆப்பிளைத் துருவிக்கொள்கிறாள், எதை வாயில் போட்டாலும் வலது கன்னத்துக்குத்தான் போகிறது. மெல்லும்போது காதுக்குப் பக்கத்தில் டக் டக் என்று சத்தம் எனக்கே கேட்கிறது. அதற்குக் கடையிலிருந்து வலி மாத்திரை கொண்டுவந்து கைப்பையில் வைத்திருக்கிறாள்.

பட்டறையில் நாங்கள் ஜன்னலைக் கண்ணால் பார்த்து அனுப்புவது கிடையாது. சட்டத்துக்கு நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்ப்போம். காகிதம் நின்றால் கதவு அங்கே உட்கார்ந்திருக்கிறது, நழுவி வந்தால் உட்காரவில்லை. முப்பது வருஷமாக ஆயிரம் ஜன்னலுக்குச் செய்ததை வீட்டில் இருக்கும் ஒரு வாய்க்கு நான் செய்யவில்லை பார். பேப்பர் ஓரத்தைக் கிழித்து, கடி என்றேன். பைத்தியமா உங்களுக்கு என்று திட்டிவிட்டுக் கடித்தாள். வலது பக்கம் இழுத்தேன், கிழிந்தது. இடது பக்கம் இழுத்தேன், அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசிப் பல்லிலிருந்து நாலு பல் வரைக்கும் மேலும் கீழும் தொடவே இல்லை. நான் காகிதத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், பாப்பாகிட்ட சொல்லக்கூடாது என்றாள். சரி என்றேன். அந்தச் சரியைத்தான் இப்போது உடைக்கிறேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே போகும்போது நான் போட்ட சத்தத்தில் வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்துவிட்டு மறுபடி சத்தம் போட்டேன். டாக்டரம்மா பொறுமையாக ஒரு நீலக் காகிதத்தை எடுத்து உன் அம்மாவைக் கடிக்கச் சொன்னார். என் வைத்தியமேதான், கலர் மட்டும் வேறு. வலது பக்கம் பொட்டுப் பொட்டாக நீலம், இடது பக்கம் வெள்ளையாக இருந்தது. பிறகு பைலைத் திருப்பி என் முன்னால் வைத்தார். இடது பக்கம் முடிய இன்னும் நாலு மாதம் ஆகும்னு சொன்னோம், இவங்கதான் முன்பக்கம் சரியாயிடுச்சு, பொண்ணு வர்றா, கழட்டிடுங்கன்னு கேட்டாங்க, கையெழுத்தும் போட்டிருக்காங்க, தானா கொஞ்சம் இறங்கி உட்காரும்னு நாங்களும் நெனச்சோம், உட்காரல என்றார். உன் அம்மா சுவரில் இருந்த பல் படத்தை அத்தனை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். நீ பத்து நாள் லீவில் வருகிறேன் என்று சொன்ன நாளுக்குச் சரியாக ஒன்பது நாள் முன்னால். நீ வரவில்லை. லீவ் கிடைக்கலமா, அடுத்த தடவை என்று இரண்டு வரி அனுப்பினாய்.

நீ வராததற்குக் கோபம் இல்லை, வேலை என்றால் அப்படித்தான். ஆனால் போனில் ஒவ்வொரு வாரமும் சிரிக்கச் சொன்னாயே, ஒரு தடவையாவது என்னம்மா சாப்பிட்ட என்று கேட்டாயா? கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பாள், அது வேறு. டாக்டரம்மா மேல் கோபம், கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவதா, கொக்கி மாட்டாத ஜன்னலை வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாலும் நான் அனுப்புவேனா என்று அவரிடம் கேட்டேன். அவர் திருப்பி ஒன்றே ஒன்று கேட்டார், உங்களுக்கு இது எப்ப தெரிஞ்சதுங்க என்று. நேற்று என்றேன். மூன்று மாதமாக மூன்றடி தூரத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நேற்று என்று சொன்னால் அதற்குமேல் யார் என்ன பேசுவது. வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன், உன் அம்மாதான் சொன்னாள்.

இப்போது நிலைமை இதுதான். இந்த மாதம் முடிவதற்குள் வந்தால் இடது பக்கத்துக்கு மட்டும் கம்பி போட்டு, ரப்பர் மாட்டி, ஐந்தாறு மாதத்தில் உட்கார வைத்துவிடலாம் என்கிறார்கள். தள்ளிப்போடப் போடப் பல் அப்படியே இறுகிக்கொள்ளுமாம், தாடை வலியும் கூடுமாம். இவள் மாட்டேன் என்கிறாள். எல்லாருக்கும் முடிஞ்சதுன்னு போட்டோ போயிடுச்சு, மறுபடி கம்பியோட நின்னா என்ன சொல்வாங்க, அவ எவ்வளவு சந்தோஷப்பட்டா தெரியுமா என்கிறாள். அவ என்றால் நீ. அவள் மெல்ல முடியாமல் இருப்பதைவிட உன் சந்தோஷம் அவளுக்குப் பெரிதாகப் போய்விட்டது. நான் சொன்னால் ஏறாது, ஸ்கேல் வெச்சுப் பார்த்துப் பாஸ் போட்டவரு பேசக்கூடாது என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அதனால் நீதான் பேச வேண்டும். அழாதே, நீ அழுதால் அவள் உன்னைத் தேற்றப் போய்விடுவாள், வேலை நடக்காது. அப்பா காட்டிக் கொடுத்துவிட்டார் என்றே சொல், திட்டு எனக்கு வரட்டும், பழகியதுதான். போட்டோ போன எல்லோருக்கும் இன்னும் முடியவில்லை என்று நீயே சொல்லிவிடு. சிரிக்கச் சொல்லாதே, ஒரு கடலையை இடது பக்கம் வைத்துக் கடித்துக் காட்டச் சொல். முன்பல் அழகாகத்தான் இருக்கிறது பாப்பா, அதைப் பொய் என்று சொல்லவில்லை, அவள் கவுண்டரில் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பதைப் பார்க்க எனக்கே அந்தப் பக்கம் ஏதாவது மாத்திரை வாங்கப் போகத் தோன்றுகிறது. அது இருக்கட்டும், மெல்லவும் வேண்டும் அல்லவா.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு பக்கமும் மென்று சாப்பிடு. உனக்கு எல்லாம் நல்லதாக நடக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ எப்போது வேண்டுமானாலும் வா, ஆனால் எந்தத் தேதி என்று சொல்லாதே. எனக்கும் சொல்லாதே, என் வாயில் எதுவும் தங்காது என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. தேதி தெரிந்தால் அதற்கு ஒன்பது நாள் முன்னால் போய் மறுபடி கழற்றிக்கொண்டு வந்து நிற்பாள். சொல்லாமல் வந்து கதவைத் தட்டு. கம்பியோடுதான் வந்து திறப்பாள், உன்னைப் பார்த்ததும் கை வாய்க்குப் போகும். அந்தக் கையை நீ பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
ஸ்கேலைத் துடைக்காத உன் அப்பா