வேலூரில் விட்டுவந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று பாலக்காட்டிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நெஞ்சில் யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனையில் நான் இறங்க வேண்டிய இடமே தாண்டிப் போய்விட்டது. முதன்முதலாக என்னைத் தேடி வந்த அன்று உங்கள் மேல் இதே வாசனைதான்.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியார் கடைவீதி மாடியில் ஒற்றை அறைதான் எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தீராத நோயென்றால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. நீங்கள் படியேறி வந்து, பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏனுங்க்கா, மொதல்ல உக்காருங்க" என்றேன்.

மூச்சு அடங்கியதும் சிரித்தீர்கள். "ஏத்தா, கொழுந்து கிள்ளுறவளுக்கு எதுக்கு இம்புட்டு மரியாத?"

பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து வந்த என் பேச்சு உங்களுக்குக் கடைசிவரை வேடிக்கைதான். எஸ்டேட் லயத்தில் உங்கள் வரிசை வீட்டுக்கு நான் வரும்போதெல்லாம் உங்கள் இரண்டு பெண்களும் "வாங்க, போங்க" என்று என்னைப் போலவே பேசிக் காட்டுவார்கள். நீங்கள் அதட்டுவதுபோல அதட்டி, முந்தானையால் வாயை மூடிக்கொள்வீர்கள்.

இருதய வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார் எங்கள் டாக்டர். வேலூருக்கு எழுதிப்போட்டு, நாள் வாங்கினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டுக்கார அண்ணன் இருந்தாக வேண்டும். அதனால் நான் உடன் வந்தேன். படுத்தால் உங்களுக்கு மூச்சு முட்டும். மதுரையிலிருந்து ரயிலில் உட்கார்ந்தபடியேதான் வந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். என் ரத்தம் சேரவில்லை. வாசலில் நின்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டேன். ரத்தம் என்றதுமே விலகிப் போனார்கள். மத்தியானம் தாண்டி ஒரு ரிக்‌ஷாக்காரர் நின்றார். "யாரும்மா, உன் அக்காவா?" என்றார். "ஆமாங்க" என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் உங்களுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விடாமல் கத்தி வைக்க முடியாது என்றார்கள். நாள் தள்ளிப்போனது. கால் வீங்கியது. டாக்டர்கள் வந்தார்கள், மருந்தை மாற்றினார்கள், போனார்கள். உங்கள் முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுப்பதைத் தவிர எனக்குச் செய்ய எதுவுமில்லை.

"எல்லாத்துக்கும் யாருகிட்டயாவது போயி நிப்பியே தாயி. இதுக்கு யாருகிட்ட போவ?" என்றீர்கள். கேலியாகத்தான் சொன்னீர்கள். அடுத்த நாள் காலையில், நான் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

தந்தி கண்டு அண்ணன் வந்தார். மலைக்குக் கொண்டுபோக வழியில்லை. பாலாற்றங்கரையிலேயே உங்களை விட்டுவிட்டு இருவரும் திரும்பினோம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்றிருந்தேன்.

சில வாரங்கள் கழித்து அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே உங்கள் லயத்துப் பக்கத்து வீட்டுப் பெண்.

"இவளுக்கும் அதே மூச்சுதான். கூட்டிட்டுப் போங்க."

"அண்ணா, இன்னும் என்னை நம்பறீங்களா?"

"அவ சாகுறப்போ அனாதையா சாகலயே. நீங்க இருந்தீங்கள்ல" என்றார்.

அவளை வேலூருக்குக் கூட்டிப்போனேன். காய்ச்சல் வரவில்லை. ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் கூடை சுமந்துகொண்டு மேட்டுக் காட்டுக்கு ஏறிப் போவதை ரோட்டில் நின்று பார்த்தேன். என்னைக் கண்டு கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவளுக்கு நடந்தது உங்களுக்கு ஏன் நடக்கவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அக்கா.