ஒன்றேகால் அங்குலம்

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. சின்னமனூர் முழுக்கப் புழுதி. கிளினிக் ஜன்னல் கொக்கி பிய்ந்துவிட்டது, தச்சருக்குச் சொல்ல வேண்டும். நோயாளிகள் 31.

கார் கார்புரேட்டர் தேய்ந்து ஒழுகுகிறது. தேனி மெக்கானிக் சுலைமான்: "அதே சைஸ்தான் போடணும் டாக்டரம்மா, ஒண்ணேகால் இஞ்சு. மதுரையிலேருந்து வர பத்து நாளாகும்." சரி என்றேன். அதுவரை பழையதே ஓடட்டும்.

ஜூலை 11, வியாழன்

கிளினிக் முடிந்து வந்தால் காரில் வேறு கார்புரேட்டர். என் வீட்டுக்காரருடைய தம்பி தவராஜ் போடியில் உடைத்துப்போட்ட பெரிய கார் ஒன்றிலிருந்து வாங்கி வந்தாராம். வாய் ஒன்றேமுக்கால் அங்குலம். அளவு பொருந்த நடுவில் ஒரு தகடு வெட்டி வைத்து, சுலைமானையே வரவழைத்து மாட்டியாயிற்று. கார் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"பெருசு போட்டாப் பறக்கும் மதினி."

குழந்தைக்குப் பெரியவர்கள் மருந்தைக் கொடுத்தால் சீக்கிரம் வளருமா என்று கேட்டேன். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். வாய் பெரிதானால் காற்று மெதுவாக நுழையும், பெட்ரோல் தூவலாகாமல் சொட்டாக விழும். கார்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. இவர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர்.

ஜூலை 12, வெள்ளி

கறுப்புப் புகை. புடவையெல்லாம் பெட்ரோல் வாடை, சோறு இறங்கவில்லை. இருவரும் ஆண்டிபட்டி வரை போய்வந்தார்கள். பறந்ததாம். மெதுவாகப் போனால் அணைகிறதே என்றேன். "அப்ப வேகமாப் போங்க" என்கிறார் தவராஜ்.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

நேற்று மாலை நான்கு மணிக்கு ராயப்பன்பட்டியிலிருந்து சூசை வந்தார். மனைவி ஆரோக்கியத்துக்குப் பிரசவ வலி. குழந்தையின் கால் முன்னால் வருவதாக மருத்துவச்சி சொல்லியனுப்பியிருக்கிறாள். அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். உத்தமபாளையம் தாண்டி வரிசையாக வைக்கோல் வண்டிகள். பின்னாலேயே ஊர்ந்தோம். அணைந்தது. பிறகு கிளம்பவே இல்லை. பிளக் நான்கும் கரி, பெட்ரோலில் ஊறி. துடைத்து மாட்டினேன். சூசை தள்ளினார். திரும்பவும் துடைத்தேன். கடைசியில் மாட்டுவண்டி ஏறிப் போனோம். முக்கால் மணி நேரம் வீண்.

தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை. மூச்சில்லை.

நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

வீட்டில் தவராஜ், காப்பி குடித்துக்கொண்டே: "பிளக்கை மாத்தினாச் சரியாப் போகும் மதினி." எழுந்து வெளியே போகச் சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜூலை 15, திங்கள்

சுலைமான் வந்து அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார்.

"இது சேராதுன்னு அன்னைக்கே தெரியும் டாக்டரம்மா."

"பெறகு ஏன் மாட்டினீக?"

"சார் சொன்னாக."

"கார் யாருது?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை மட்டும் கேட்டு என்ன? மூன்று நாள் அந்த வாடையை மோந்துகொண்டே ஓட்டியவள் நான்தானே. என்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

பஸ்ஸில் ராயப்பன்பட்டி. ஆரோக்கியத்துக்குக் காய்ச்சல் இல்லை. பால் கட்டிக்கொண்டு வலி. துணியை இறுக்கிக் கட்டிவிட்டேன். போகலாம் என்று எழுந்தபோது கையைப் பிடித்தாள்.

"வழியில கார் நின்னுபோச்சாமே டாக்டரம்மா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இல்லை என்றேன்.