அனலுக்கு விலகிப் போன குழாய்

என் வீட்டு மகாராணிக்கு,

நலமா? உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம். இடது கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

நேற்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு காருக்கு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவை மாற்றினோம். எஞ்சினிலிருந்து அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாயை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். குட்டைக் குழாய் சட்டென்று பொருந்தியது; ஆனால் சூடான புகை போகும் எக்ஸாஸ்ட் பைப்பை உரசிக்கொண்டு போனது. அந்தச் சூட்டில் வெடித்து ஆயில் சொட்டினால் வண்டியே பற்றிக்கொள்ளும். வண்டிக்காரரோ வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

"அனல் படுற இடத்துலயா டியூப மாட்டுவீங்க? கழட்டுங்க!" என்று நம் வீட்டு அடுப்புக்கு டியூப் மாட்ட வந்த கேஸ்காரரை நீ ஒரு பிடி பிடித்தாயே, அது ஞாபகம் வந்தது. சுற்றிப் போகும் நீளக் குழாயை எடுத்தேன்.

தலைமை மெக்கானிக் குனிந்து பார்த்தார். "யார்கிட்டப்பா தொழில் கத்துக்கிட்ட?"

"வீட்டுலதான்" என்றேன்.

ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அந்தப் பெருமையில், எஞ்சின் ஆறுவதற்குள் தொட்டுவிட்டேன், அதுதான் கொப்புளம்.

இனி நான் போன் செய்தால் கூடத்துக்கு வராதே, சமையலறையிலிருந்தே பேசு. நீ பாத்திரம் உருட்டுவது காதில் விழட்டும். இங்கே என் அறையில் அடுப்பே கிடையாது.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

அவசரமாக,
உன் சிஷ்யன்