அப்பாவின் காருக்கு ஊற்றிய தண்ணீர்

மட்டக்களப்பு,
21-2-1937

அன்புள்ள மகன் வினாயகமூர்த்திக்கு அம்மா எழுதுவது.

மண்டூர் முருகன் துணையால் இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, ஈப்போவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்றுதான் எழுதியிருந்தாய், ஆனால் வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்து போயிருந்தன, களைத்துப்போய் எழுதினாயோ என்று இரண்டு நாள் யோசித்தேன். மடத்தில் எங்களுக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரி பார்த்திருந்தால் திரும்ப எழுது என்றிருப்பார். நான் சொல்லமாட்டேன், எட்டு வருஷமாக உன் கையெழுத்துத்தான் எனக்கு உன் முகம். பதில் எழுத ஒரு மாதம் பிந்திவிட்டது, அதன் காரணத்தையும் இதிலேயே எழுதுகிறேன்.

சித்திரைக்கு லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அப்பாவின் காரை விற்றுவிடுங்கள் என்கிறாய். பதின்மூன்று வருஷத்துக் கார் நடுவழியில் விட்டுவிடும், புதுக் கார்களில் அந்தத் தொல்லை இல்லை, காத்தான்குடி ஹலீம் இன்னும் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்கிறாய். உன் அழகரத்தினம் மாமா கார்த்திகையில் புதுக் கார் வாங்கியிருக்கிறார். கண்ணாடிகளை ஏற்றி இறக்கலாம், மழை உள்ளே வராது, ஒரு பொத்தானை அமத்தினால் இஞ்சின் பேசும். கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு மழை நாளில் அவர் அமத்த அமத்த அது பேசவில்லை, பற்றரி செத்துவிட்டதாம். மாமி பட்டுச் சேலையோடு உள்ளே இருக்க, அயல் வீட்டார் நான்கு பேர் தள்ளினார்கள். நம்முடைய வல்லிபுரம், அப்பா காலத்திலிருந்து காரோட்டுகிறவனுக்குச் சொல்லவா வேண்டும், நம்முடைய காரை ஹாண்டிலின் ஒரே சுழற்றில் கிளப்பிவிட்டு, "பொத்தான் நமக்கு என்னத்துக்கு, கை இரிக்கிதே" என்று அவர்களுக்குக் கேட்கவே சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. உன்னை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் திரும்பி வந்த கார் அது மகன். அன்று உன் இடத்தை விட்டுப் பின் சீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன், இன்றும் அப்படித்தான் உட்காருகிறேன். இதே காரில்தான் உன்னைக் கூட்டிவர வேண்டும் என்று அப்பா சாகும்வரை சொன்னார். அதனால்தான் விற்கவில்லை.

இனி நான் செய்ததைக் கேள். நீ வருகிற செய்தியை முருகனுக்கு நானே சொல்ல வேண்டும் என்று தை மாதம் புறப்பட்டேன். குருமண்வெளித் துறையில் காரை நிறுத்தி, தோணியில் வாவியைக் கடந்து மண்டூரில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். றேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருக்கிறது, ஊருக்குள் போய்க் கிணற்றில் அள்ளி வருகிறேன் என்றான் வல்லிபுரம். மாரி வெள்ளம் நிறைந்து வாவி நன்னீராக இருக்கும் தை மாதத்தில் அப்பா எப்போதும் அந்தத் துறையிலேயே அள்ளி ஊற்றுவார், உனக்கு நினைவிருக்கும். வாவி பக்கத்தில் இருக்கக் கிணறு எதற்கு என்றேன். "அம்மா, இந்த முறை ஆத்துவாயை வெள்ளனவே வெட்டிட்டாங்க, கடல் உள்ளுக்கு வந்திட்டு, தண்ணி உவராக் கிடக்கும்" என்றான். வெள்ளம் வயல் வட்டைகளை மூடாதிருக்க வருஷாவருஷம் கடற்கரை மணலை வெட்டிவிடுவதுதான், ஆனால் இந்த வருஷம் அவ்வளவு முந்தி வெட்டியது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐயா ஊற்றின தண்ணீரைக் குறை சொல்ல நீ யார், ஊற்று என்றேன். குனிந்து அள்ளி ஊற்றினான்.

அதன் பிறகு மழையும் என் முழங்காலுமாகச் சேர்ந்து காரை ஒரு மாதம் கொட்டிலிலேயே நிறுத்திவிட்டன, உப்புத் தண்ணீரும் உள்ளேயே கிடந்தது. போன வெள்ளிக்கிழமை காரின் கீழே தரை நனைந்திருந்தது. மெக்கானிக் முனாப் வந்து றேடியேற்றரைக் கழற்றினார், குழாய்கள் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தன. "காரில ஒரு குத்தமும் இல்ல. இதுக்கு உப்புத் தண்ணி குடுத்த ஆள் ஆரு? மாட்டுக்கும் குடுக்கமாட்டாங்களே" என்று கேட்டார். வல்லிபுரம் என் பக்கம் பாராமல், "நான்தான் ஊத்தின, முனாப் காக்கா" என்றான். நான் உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முனாப் வந்தபோது வல்லிபுரத்தையும் கூப்பிட்டு, ஊற்றச் சொன்னது நான், இவன் வேண்டாம் என்றுதான் சொன்னான் என்றேன். "ஆர் சொன்னாலும் உப்பு உப்புத்தானே அம்மா" என்று முனாப் சிரித்தார். வல்லிபுரம் மட்டும் சிரிக்கவில்லை. "நான் அண்டைக்கே தண்ணிய நாக்கில வெச்சுப் பாத்தனான் அம்மா, கரிச்சது" என்றான். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கல்லியே" என்றான்.

அதிலிருந்து அந்தச் சொல்லோடேயே இருக்கிறேன். உனக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன், எண்ணெய் வைத்து முழுகு, மழையில் நனையாதே, மாதம் தவறாமல் எழுது என்று எட்டு வருஷமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் வரிகள் ஏன் சரிகின்றன, கண் மங்கிவிட்டதா, கண்ணாடி போடுகிறாயா? தயிரும் தேனும் விட்ட சோறு இன்னும் பிடிக்குமா, அல்லது எனக்காகத்தான் பிடிக்கும் என்று எழுதுகிறாயா? முன்பு இரண்டு தடவை வருகிறேன் என்று எழுதிவிட்டு நின்றாயே, லீவு கிடைக்காமலா, வர மனமில்லாமலா? எதுவானாலும் எழுது, நான் கோபிக்கமாட்டேன்.

கொழும்பில் இதே மாதிரிப் பழைய கார் ஒன்றின் றேடியேற்றர் இருக்கிறதாம், சித்திரைக்குள் எடுத்துப் பூட்டிவிடலாம் என்கிறார் முனாப். பழசில் அந்த ஒரு வசதி, கெட்டதைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தலாம். நடுவழியில் விட்டுவிடும் என்று எழுதினாயே, அது விடவில்லை, விட்டது நான்தான். ஒருவேளை றேடியேற்றர் வந்து சேராவிட்டால் என்று அழகரத்தினம் மாமாவிடம் அவருடைய காரைக் கேட்டு வைத்திருக்கிறேன். நானே போய்க் கேட்டேன். அவரும் சிரிக்காமல் ஓம், தருகிறேன் என்றார்.

கப்பலின் பெயரையும் புறப்படும் நாளையும் மறவாமல் எழுது, பிறகு எழுதுகிறேன் என்று மட்டும் எழுதாதே. முருகன் உன்னைக் கரை சேர்க்கட்டும், நோய் நொடி உன் பக்கம் வரவேண்டாம். ரயிலால் இறங்கினதும் வாசலில் எந்தக் கார் நிற்கிறது என்று தேடாதே, என்னைத் தேடு. தலை முழுக்க நரைத்துவிட்டது மகன், அதை நீயும் கேட்கவில்லை.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
க. சீதேவிப்பிள்ளை