வேகாத மூட்டைக்கு நான் போட்ட கையெழுத்து

காமயகவுண்டன்பட்டி
புதன்கிழமை, பொழுது சாய்ந்து

என் மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. வீரபாண்டி கௌமாரியம்மன் காவலில் நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய் வருகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நாலு நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்தேனே, ஒரு பாலும் பொங்கவில்லை தாயி. பேசினால் எனக்கு முன்னும் பின்னுமாக வரும், நடுவில் அழுதுவிடுவேன், எழுதினால் வரிசையாக வரும். முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், டூட்டியில் இருக்கும்போது படிக்காதே, ரூமுக்கு வந்து உட்கார்ந்து படி.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பத்துப் பல் கிளினிக்கில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ரெஹானா டாக்டர். என்னோடு படிக்கிற சாபிரா, உத்தமபாளையத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. நான். நாற்காலியில் சுருளியம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள், சர்க்கரை உண்டு. வாசல் பெஞ்சில் அவர்கள் மருமகள் ராமுத்தாய். வேறு யாருமில்லை. இந்த ஐந்து பேரில் தப்புச் செய்தது ஒருத்தி, அது நான்தான்.

எட்டாவதோடு நின்றவள் உன் பழைய புத்தகங்களை வைத்தே படித்துத் தனியாகப் பத்தாவது எழுதித் தேறிவிட்டேன் என்பதற்காக, தேனியில் அந்தத் தொழிற்கல்லூரியில் பல் மருத்துவ உதவியாளர் படிப்பில் நீதான் என்னைத் தள்ளிவிட்டாய். வாரத்தில் மூன்று நாள் அங்கே வகுப்பு, மூன்று நாள் இந்தக் கிளினிக்கில் பயிற்சி. ஏழு மாதத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிக்கவும் சிமெண்ட் குழைக்கவும் கருவிகளைப் பெயர் சொல்லி எடுத்துக் கொடுக்கவும் கை பழகிவிட்டது. கருவிகளை வேகவைக்கிற பொறுப்பும் என்னுடையதுதான். அந்த ஆட்டோகிளேவ் உனக்குத் தெரிந்ததுதான், அப்பா கேட்டால் நம் குக்கர் மாதிரி என்று சொல்வேன். பயன்படுத்திய குறடு ஊசியையெல்லாம் தேய்த்துக் கழுவி மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் மூட்டையாகச் சுற்றி, மேலே ஒரு நாடா ஒட்டி உள்ளே வைப்போம். நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும், ஆவியில் சரியாக வெந்தால் கோடு கறுத்துவிடும். எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, கோடு கறுத்ததா என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டையைப் பிரித்ததும் அந்த நாடாவை அதே வரிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். என் வீட்டுக் கணக்கு நோட்டை ஒருநாள் பார்த்துவிட்டு டாக்டர்தான் இந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அனுசுயாம்மா எழுதுனா அடிச்சல் திருத்தல் இருக்காது என்று எல்லோரிடமும் சொல்வார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, ஒளிப்பானேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். கடைசி மூட்டையை மெஷினில் வைக்கும்போதே ஐந்தே முக்கால். முடிய ஆறரை ஆகும். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும், விளக்கு வைத்த பிறகு நான் கணக்கு நோட்டைத் தொடுவதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாக அப்படித்தான், அன்றன்றைய பக்கத்தை மூடிவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பேன். அதனால் பால் வருவதற்கு முன்பே அரை லிட்டர் என்று எழுதிவிடுவேன், பால்காரர் வராவிட்டால் மறுநாள் ஒரு கோடு இழுத்து அடித்துவிடுவேன், அவ்வளவுதான். அதே கையோடு கிளினிக் நோட்டிலும் எழுதினேன் ஓவியா. முடிந்த நேரம் ஆறு முப்பது, நாடா கறுப்பு, சரி. கையெழுத்தும் போட்டேன். மெஷின் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு ஓடிவந்து பஸ் ஏறிவிட்டேன், வெள்ளிக்கிழமை விளக்கு தாமதமாகக் கூடாது என்று.

ஆறு பத்துக்குக் கரண்ட் போனது. இங்கேயும்தான் போனது, அப்போது நான் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன், நல்லவேளை அம்மன் முன்னால் வெளிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன் பார். கிளினிக் இன்வெர்ட்டர் லைட்டுக்கும் நாற்காலிக்கும்தான், மெஷினுக்கு இல்லை. அது பாதியில் நின்றுவிட்டது. கரண்ட் வந்தாலும் தானாகத் திரும்ப ஓடாது. டாக்டர் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் முதலில் வந்த சாபிரா மூட்டையை எடுத்து அலமாரியில் அடுக்கியிருக்கிறாள், நோட்டைத் திறந்து பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறாள், அக்கா எழுதிட்டாகள்ல அப்புறமென்ன என்று நாடாவைப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு அந்த மூட்டையைப் பிரித்துத்தான் சுருளியம்மாளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். நான்தான் பக்கத்தில் நின்று குழாய் பிடித்தேன். அவர்கள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் நாடாவை நோட்டில் ஒட்டலாம் என்று எடுத்தால் கோடு வெளிறியே இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாடாவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த இரண்டு நாளும் நான் சுருளியம்மாளை நினைத்ததைவிட என்னைத்தான் அதிகம் நினைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டிவிட்டு வந்த களைப்பில் இருந்தார். ஏண்டி, அந்தக் காலத்துல சந்தையில ஒக்கார வச்சுப் பல்லப் புடுங்குனாக, எல்லாருமா செத்துப் போனாக, ஏழு மாசப் படிப்பு, வாயப் பொத்திக்கிட்டு இரு என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டார், அதிலேயே அவர் பயமும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய்க்குப் போன் போட்டேன், சும்மா விசாரிக்கிற மாதிரி. அத்தை மலைக்குப் போயிட்டாக, மொகம் கொஞ்சம் வீங்கியிருக்குன்னு ஜீப்புக்காரரு சொன்னாரு, அங்கன டவரு கெடைக்காது என்றாள். பல் பிடுங்கினால் வீங்கத்தான் செய்யும், வகுப்பில் நானே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், ஆனால் எந்த வீக்கம் எதனால் என்று எனக்கு எப்படித் தெரியும். அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். நேர்ந்துகொண்டாலும் மனசு அடங்கவில்லை. யாருக்காக எடுக்கிறாய், அவர்களுக்கா உனக்கா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை அப்பா தானாகவே பைக்கை எடுத்து, வா நானே விட்டுர்றேன் என்றார். கிளினிக் வாசலில், நானும் உள்ள வரட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளே போனால் டாக்டர் சாபிராவை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீக்கத்தைப் பற்றி ராமுத்தாய் டாக்டருக்கும் போன் போட்டிருக்கிறாள். மூட்டையப் பாத்துத்தான் எடுத்தியா என்று கேட்க, அக்கா எழுதியிருந்தாக மேடம் என்று சாபிரா நோட்டைக் காட்டினாள். டாக்டர் அந்த வரியைப் பார்த்தார்கள், என் கையெழுத்தைப் பார்த்தார்கள். அவுக எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், நீதான் கைய ஒழுங்காக் கழுவாம எடுத்துருப்ப என்று அந்தப் பிள்ளையைத் திட்டினார்கள். சாபிரா தலையைக் குனிந்துகொண்டாள். என் நல்ல பேர் அந்தப் பிள்ளை தலையில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை தாயி. முந்தானை முடிச்சை அவிழ்த்து நாடாவை மேசையில் வைத்துவிட்டேன்.

டாக்டர் சத்தம் போடவில்லை. லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, இத எப்பப் பாத்தீக என்று கேட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் என்றேன். இன்னைக்குத் திங்கக்கிழமை என்றார்கள். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஜீப் ஸ்டாண்டில் சொல்லிச் சுருளியம்மாளை இறக்கிவரச் சொன்னார்கள். அந்த மூட்டைக் கருவிகள் வெள்ளிக்கிழமை மூன்று பேர் வாயில் போய் வந்தவை. அவர்களில் யாருக்காவது ரத்தத்தில் கிருமி இருந்தால் அது சுருளியம்மாளுக்கும் போயிருக்கலாம் என்பதால், நோயாளிகள் நோட்டைப் பார்த்து அந்த மூன்று பேரையும் கூப்பிட்டோம். இரண்டு பேர் வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், இரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாமவர் வாழைத்தார் வாங்க வந்த வெளியூர் வியாபாரி, கொடுத்துவிட்டுப் போன நம்பர் அணைந்தே கிடக்கிறது. இன்று மட்டும் பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கழுவி மருந்தில் ஊறவைத்ததால் ஆபத்து குறைவு என்கிறார்கள் டாக்டர். குறைவு என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் சுருளியம்மாள் வந்தார்கள். தாடையைச் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தது. நீங்கதான் எழுதுனீக, நீங்கதான் சொல்லணும் என்று டாக்டர் என்னை முன்னால் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கரண்ட் போனதிலிருந்து நாடாவை ஒளித்தது வரை சொன்னேன், மஞ்சள் காமாலைக் கிருமியையும் சொன்னேன், வாய் கூசும் அந்த இன்னொரு நோயின் பெயரையும் சொன்னேன். ராமுத்தாய் எழுந்து, எங்களக் கேக்க ஆளு இல்லைன்னு நெனச்சீகளா, தோட்டத்து ஆளுகன்னா எளப்பமா என்று கத்தினாள், அவள் கேட்டதில் தப்பே இல்லை. சுருளியம்மாள் அவளைக் கையமர்த்திவிட்டு, ஏந்தாயி, பல்லப் புடுங்கக் குடுத்தது நானு, அழுகுறது நீயா என்று துண்டுக்குள்ளேயே சிரித்தார்கள். டாக்டர் வீக்கத்தைப் பார்த்து, இது பிடுங்கிய இடத்துப் புண்தான், சர்க்கரையால் ஆறச் சுணங்குகிறது என்று மருந்து கொடுத்தார்கள், காமாலைக்குத் தடுப்பூசியும் போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். இப்போது எடுத்தது போதாதாம், ஆறு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சுருளியம்மாள் என் பக்கம் திரும்பி, சனிக்கிழமை பிடித்த அதே முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல என்று கேட்டார்கள்.

ஆகாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது ஓவியா. ஒரு வார்த்தைதான், சொல்லியிருந்தால் அவர்களும் நிம்மதியாகப் போயிருப்பார்கள், நானும் மூச்சு விட்டிருப்பேன். ஆனால் அதுவும் ஆறரை மணி ஆவதற்கு முன்பே ஆறு முப்பது என்று எழுதுவதுதானே. நான் சும்மா நின்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பார்வை இன்னும் என்மேல் கிடக்கிறது. சாபிராவிடம் மன்னிப்புக் கேட்டேன், நானும் நாடாவப் பாத்துருக்கணும்லக்கா என்றாள், ஆனால் முன்போல என் டீயை அவள் எடுத்து வைப்பதில்லை. கல்லூரிக்கு டாக்டர் தெரிவித்துவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை தேனிக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், படிப்பை விட்டு அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். அதை இப்போது நினைக்கவில்லை.

நீ பயந்து சாப்பிடாமல் கிடக்காதே. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, காலுக்கு உறை போடாமல் அந்தத் தரையில் நடக்காதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. ஊசி குத்தாமல் பார்த்து வேலை செய், குத்தினால் அந்த நிமிடமே சொல்லிவிடு, அம்மா மாதிரி முடிந்து வைக்காதே. விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இருந்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன், அம்மன் பொறுத்துக்கொள்வாள். அவள் கண் உன்மேல் எப்போதும் இருக்கட்டும், நீ நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ரா. அனுசுயா

சுருளியம்மாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புண்ணைக் காட்ட வருகிறார்கள், அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். நீ நர்ஸ், உனக்குத் தெரியும். பொய் இல்லாமல் நான் அவர்களிடம் என்ன சொல்லலாம் என்று அதற்குள் எழுது.