ஈறில் அடக்கிய கிராம்பு

ஐவிம்மா,

விவிலியத்தின்மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. தெலுக் இந்தான் எஸ்டேட்டில் ஒரு பெண், உன்னைப்போலவே மாசமாக இருந்தாள். ஈறில் ரத்தம் வந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு, "ஒன்னுமில்லலா" என்று உன்னைப்போலவே சொன்னாள். கிருமி கீழே இறங்கிப் பிள்ளையைத் தட்டி எழுப்பிவிட்டது. ஏழாம் மாசமே பிறந்தது. அழுதபோது வீடெல்லாம் கிராம்பு வாசம். கொஞ்ச நாள் அழுதது, பிறகு அழவேயில்லை.

சோறு குக்கரில் இருக்கிறது. பக்கத்து வீட்டு கேப்ரியல் பத்து மணிக்குக் காரோடு வருவான், பல் கிளினிக்குக்குப் போய்விட்டு வா. "என் வாய், என் இஷ்டம் மாமா" என்று நேற்றுக் கத்தினாயே, மிச்சத்தை வந்து கத்து.

மாமா

பி.கு.: ஈறு நோய் முற்றினால் பிரசவம் முந்தலாம் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியும் சொன்னார்.

தெலுக் இந்தானுக்கு நான் போனதேயில்லை.