மூலையில் அடங்காத பெயர்

அன்புள்ள மச்சான் சேகருக்கு,

'அன்புள்ள' என்பது உன் அக்கா கனகா சொல்லிப் போட்டது. நான் வெறுமனே 'சேகருக்கு' என்றுதான் தொடங்கினேன். பக்கத்தில் நின்று பார்த்தவள், "செத்தவனுக்கு எழுதறப்ப இன்னாத்துக்கு இந்த வீம்பு?" என்றாள். அந்த ஒரு சொல் அவளுக்காக. மிச்சமெல்லாம் என்னுடையது. இதை அச்சில் போடக் கொடுக்கப்போகிறேன். உன் கழுத்தில் மாலை விழுந்ததைப் பார்த்தவர்களில் நாலு பேராவது படிக்கட்டும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் பெண்சாதி செல்வி போன வாரம் செங்கல்பட்டில் நம் பெயர்ப்பலகைக் கடைக்கு வந்தாள். தெவசத்துக்கு உன் பெயரில் ஒரு பலகை வேண்டுமாம். அக்ரிலிக் தகட்டில் எழுதி, பின்னால் டியூப்லைட் வைத்து, நம் கடை வாசலில் மாட்ட வேண்டுமாம். வாசகத்தை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தாள்: 'எழுத்துக் கலைஞர் சேகர்'. அதை எழுதித் தரவேண்டியவன் நான். உனக்குச் சிரிப்பு வருகிறதா?

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த அந்தத் தகட்டின் பின்பக்கத்தில், எல்லா எழுத்தையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். சுவரில் எழுதினால் முதலில் பூசியதை அடுத்துப் பூசியது மறைக்கும். இங்கே முதலில் வைத்ததுதான் முன்னால் நிற்கும். எழுத்து முதலில், நிழல் அப்புறம், பின்னணி வண்ணம் கடைசியில். பின்னணி பூசிக் காய்ந்துவிட்டால் அதற்கு மேல் எதையும் மாற்ற முடியாது. தின்னர் போட்டுத் துடைத்தால் தகடே வெளுத்துப் பூத்துவிடும்.

இது உனக்கு நன்றாகத் தெரியும். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததுமே, முதல் வேலையாகக் கீழ் மூலையில் உன் பெயரைப் போடுவாய். என் பெயர் எங்கே என்று ஒரு தடவை கேட்டேன். "கோதண்டபாணின்னா மூலையில அடங்காது மாமா. சேகர்னா மூணெழுத்து, முடிஞ்சிபோச்சி. யாரு பேரா இருந்தா இன்னா, ஒரே வூடுதான" என்றாய். நம்பினேன்.

அந்த மூன்று எழுத்தையாவது நீ ஒழுங்காக எழுதினாயா? மாற்றி எழுதும்போது 'சே'யின் கொம்பு வலப்பக்கம் போகும். நீ பழக்க தோஷத்தில் இடப்பக்கமே போட்டாய். முன்னால் திருப்பிப் பார்த்தால் 'சகேர்'. ஈரம் காயும் முன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உன் கொம்பை உனக்கு இடம் மாற்றிக் கொடுத்தவன் நான்.

எமர்ஜென்சி வந்த வருஷம் மாமல்லபுரம் லாட்ஜ் பலகை. எட்டடி நீளம். பத்து நாள் முதுகு ஒடியக் குனிந்து எழுதினேன். நீ திருவிடந்தைப் பக்கம் ஆர்டர் பிடிக்கிறேன் என்று சைக்கிளில் சுற்றினாய். திறப்பு விழாவில் விளக்கைப் போட்டதும், கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். முதலாளி மூலையில் இருந்த பெயரைப் படித்து, சேகர் யார் என்று கேட்டார். நீ முன்னால் போனாய். மாலையை வாங்கிக்கொண்டாய். அப்புறம் என்னைக் கைகாட்டிச் சொன்னாய்: "இவுரு எங்க மாமா. பெயிண்ட் கலக்கிக் குடுப்பாரு."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் பார்த்துப் பார்த்து எழுத்து கற்றவன் நான். அதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது, நீ எடுத்துக்கொள்ள?

கல்பாக்கத்து ஜவுளிக்கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது நீ தனியாக எழுதிய ஒரே பலகை அது. 'மேகலா ஜவுளி' உன் கையில் 'மகேலா ஜவுளி' ஆயிற்று. அதே கொம்பு, அதே இடப்பக்கம். அணுமின் நிலைய வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா மகேலா, சவுக்கியமா கீறியா?" என்று கூவினார்களாம். கடைக்காரர் கொதித்துப்போய் வந்தார். மூலையில் உன் பெயர்தானே இருக்கிறது என்று கேட்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு; தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு உன் பதில் தெளிவாகக் கேட்டது.

"அது கடை பேரு சார். எழுதனது எங்க மாமா. அவுருக்குப் படிப்பு கம்மி."

மாலை வந்தால் உன் பெயர். திட்டு வந்தால் கடையின் பெயர். எழுந்து வரப் பார்த்தேன். உன் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காய்ச்சலோடு உட்கார்ந்து அதை நானே புதுத் தகட்டில் எழுதிக் கொடுத்தேன்.

இப்போதும் அவள், "செத்துப்பூட்டவன்கிட்ட இன்னாத்துக்குச் சண்ட?" என்கிறாள். "இருந்தப்ப நீதான என் கையப் புடிச்சிகினு இருந்த" என்றேன். அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நீ செத்துப்போனால் நீ செய்தது மாறிவிடுமா? எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை.

உன் பலகையில் கொம்பை உன் பாணியிலேயே போட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 'சகேர்' என்று வாசலில் தொங்கினால் போகிற வருகிறவன் எல்லாம் சிரிப்பான். செய்யவில்லை. உன் மேல் இரக்கப்பட்டு இல்லை. என் கை தப்பெழுத்து எழுதாது.

'எழுத்துக் கலைஞர்' என்று எழுதமாட்டேன் என்று செல்வியிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெறும் பேரு மட்டுமா அண்ணே?" என்றாள்.

"பேரு மட்டுந்தாம்மா. அவன் எழுதனது அது ஒண்ணுதான்" என்றேன்.

இன்று காலை தாளை உரித்தேன். வெறும் தகடு. உன் பெயரைத் தொடும் முன்பு, கீழ் மூலையில் என் பெயரை இடவலம் மாற்றி எழுதினேன். கைக்குத் தெரியாத பெயர், கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் நடுவில் உன்னை எழுதினேன். முன்னால் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மச்சான், ஆறு எழுத்தும் அடங்கின.

நாளை பின்னணி பூசிவிடுவேன். வெயிலில் வண்ணம் உதிர்ந்தால், என் கை ஓடுகிறவரை திரும்பவும் நானே எழுதித் தருவேன். உன் கொம்பு ஒவ்வொரு தடவையும் சரியான பக்கத்தில் நிற்கும். என் பெயர் ஒவ்வொரு தடவையும் முதலில் ஏறும். இதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

உன் அக்காவைக் கட்டிய மாமா,
எழுதியவன்,
கோதண்டபாணி